நான்கு குழித் தட்டு

புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில், பால்மரம் சீவப் போகுமுன் என் பாட்டி மாடு கறந்துவிடுவார். முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்பார். திரியோ ரத்தமோ இருந்தால் மடிநோய். இல்லாவிட்டால் நல்ல பால். எங்கள் சிவப்பி அந்தத் துணியில் கடைசிவரை தப்பிவந்தாள். மடி கல்லாக இறுகிய பிறகுதான் தெரிந்தது. அந்தக் காம்பு அதற்குப்பின் சுரக்கவே இல்லை.

துணியில் தெரியாததைக் காட்டும் தட்டு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1939-இல் வைட்சைடு என்பவர் பாலில் எரிசோடாச் சொட்டு விட்டுக் கலக்கினால் நோயுள்ள பால் திரள்வதைக் காட்டினார். 1957-இல் கலிபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் இருவரும் எரிசோடாவுக்குப் பதில் சோப்புச் சரக்கைப் பிடித்தார்கள். கூடவே ஊதாச் சாயம் கொஞ்சம். கைப்பிடி வைத்த வெள்ளைத் தட்டில், காம்புக்கு ஒன்றாக நான்கு குழிகள். மாட்டடியிலேயே முடிகிற சோதனை.

கிருமி நுழைந்ததும் மாட்டின் வெள்ளை அணுக்கள் மடிக்குள் திரள்கின்றன. சோப்பு அந்த அணுக்களை உடைக்கிறது. உள்ளிருந்து வரும் டிஎன்ஏ இழைகள் ஒன்றோடொன்று பின்னி, பாலைக் கூழாக்குகின்றன. நல்ல மடியில் ஒரு மில்லிலிட்டருக்கு அணுக்கள் 2 லட்சத்தைத் தாண்டுவதில்லை. சீம்பாலை மட்டும் இதில் சோதிக்கக் கூடாது. அதில் அணுக்கள் இயல்பாகவே அதிகம்.

இந்தச் சோதனை மருந்தை வாங்க வழியில்லாதவர்களுக்காக, பாகிஸ்தான் பஞ்சாபின் ஃபைசலாபாத்தில் துணி துவைக்கும் சர்ஃப் தூளையே 3 சதவீதம் கரைத்து இதே சோதனையைச் செய்து காட்டினார்கள். நம் மலேசியப் பால்மாடுகளில் ஓடும் சாஹிவால் ரத்தமும் அதே பஞ்சாப்தான். எனக்கு அந்த உறவு பிடித்திருக்கிறது. நோய் தெரிந்த பிறகு என்ன செய்வது? தஞ்சாவூர்ப் பக்கம் கால்நடைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மருந்து சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசுவது. பாட்டியின் கைக்கெட்டிய சாமான்கள்தாம்.

நான் முதலில் அந்தத் தட்டைப் பிடித்தது ஒரு தைப்பூசத்துக்கு முந்தின வாரம். பால்குடத்துக்குப் பால் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மருந்தை ஊற்றி, பத்து விநாடி தட்டைச் சுழற்றினேன். மூன்று குழிகளில் ஊதாநீர் தண்ணீராய் ஓடியது. பின் இடக்காம்புக் குழியில் மட்டும் கூழ் நடுவில் திரண்டு நின்றது, தட்டைச் சாய்த்தும் நகரவில்லை. மாடு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காம்புப் பாலைக் குடத்தில் சேர்க்கவில்லை. மறுநாளிலிருந்து அவளைக் கடைசியாகக் கறந்தோம்.