முதல் மூணு நாள் சம்பளம் யாருடையது?

இந்த எபிசோடுக்கான விதை 2021 ஏப்ரல்ல விழுந்தது. எனக்குக் காய்ச்சல், ரூம்ல படுத்துக்கிட்டு இருக்கேன். மாசக் கடைசில சம்பளம் முழுசா வந்துடுச்சு. அந்த நாட்கள்ல எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வாசல்ல வெச்சுட்டுப் போனது மெஸ்ல வேலை செய்யிற ஒரு அக்கா. ஒருநாள் கதவுக்கு அந்தப் பக்கம் அவங்க இருமுற சத்தம் கேட்டுச்சு. "ரெண்டு நாள் லீவு போடுங்கக்கா"ன்னேன். "லீவு போட்டா கூலி யாரு தம்பி தருவா?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்ல.

நோய்க்கால ஊதியம்னா என்ன, அது எங்கேயிருந்து வந்ததுன்னு அப்போதான் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்தின இடம் பிரிட்டன். ஏன்னா, நூறு வருஷத்துக்கு மேல நோய்க்காலப் பணம் கொடுத்த அனுபவமுள்ள நாடு அது. அங்கேயே கொரோனா வந்தப்போ அந்த ஏற்பாடு பல்லிளிச்சுது.

2020 மார்ச்சில் பிரிட்டனில் சட்டப்படியான நோய்க்கால ஊதியம் வாரத்துக்கு 94.25 பவுண்டு. ஏப்ரலில் 95.85 ஆனது. அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.72 பவுண்டு. வாரம் முப்பத்தேழரை மணி நேரம் வேலை செய்பவருக்கு 327 பவுண்டு வரும். அவர் படுத்துவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த மார்ச்சிலேயே பிபிசியின் ஒரு விவாத நிகழ்ச்சியில் சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக்கிடம், "இந்தப் பணத்தில் உங்களால் வாழ முடியுமா?" என்ற கேள்வி வந்தது. முடியாதுன்னு அவரே ஒத்துக்கிட்டார். அந்த நேர்மையைப் பாராட்டலாம்தான். ஆனா, வீட்டிலேயே இருங்கன்னு ஊருக்குச் சொல்லிக்கிட்டு இருந்த அரசாங்கத்தோட அமைச்சர் அவர்!

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். 1883-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தார். 1908-ல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த லாயிட் ஜார்ஜ், 1911-ல் பிரிட்டனில் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றினார். வாரத்துக்குத் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ். நாலு பென்ஸ் போட்டா ஒன்பது பென்ஸ்னு சொல்லியே அதை மக்கள்கிட்ட வித்தாங்க. நோயில் விழுந்த ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு ஏழரை ஷில்லிங், 26 வாரம் வரைக்கும். லண்டன் லாம்பெத் பகுதியின் ஏழைக் குடும்பங்கள் வாரம் ஏறக்குறைய ஒரு பவுண்டில், அதாவது 20 ஷில்லிங்கில், காலம் தள்ளிய நாட்கள் அவை. அப்போ கணக்குப் போடுங்க. 1913-ல அந்த மாதிரி ஒரு ஏழைத் தொழிலாளிக்குக் கிட்டத்தட்ட பாதிக் கூலி. 2020-ல மூணுல ஒரு பங்குக்கும் கீழ. இந்தக் கணக்கை நான் ரெண்டு மூணு தடவை சரிபார்த்தேன், நம்ப முடியல.

அதுக்காக 1911 சட்டம் பொற்காலம் இல்ல. காப்பீடு தொழிலாளிக்கு மட்டும்தான், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது. 1918 இன்ஃபுளுவென்சாவில் பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல்னு அம்மா வேலைக்குப் போகலன்னா, அந்தக் கூலி போனது போனதுதான்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு விதி இருந்தது. பணம் நான்காம் நாளிலிருந்துதான். முதல் மூன்று நாள் 'காத்திருப்பு நாட்கள்'. பொய்யாக நோய் சொல்லி லீவு எடுப்பார்கள் என்ற சந்தேகமும், சின்னச் சின்னக் கோரிக்கைகளுக்கெல்லாம் பணம் போகக் கூடாது என்ற கணக்கும் இதன் பின்னால் இருந்தன. எங்க தொழில்ல, எப்பவோ யாரோ எழுதின ஒரு வரியை யாரும் தொடமாட்டாங்க, ஏன் இருக்குன்னும் கேக்கமாட்டாங்க. இந்த மூணு நாள் விதி அப்படித்தான் நூறு வருஷம் தாண்டி வந்துடுச்சு.

இதற்கிடையில் பாரம் கை மாறியது. 1983-ல் மார்கரெட் தாட்சர் அரசு நோய்க்கால ஊதியத்தை முதலாளியே கொடுக்கும்படி மாற்றியது. முதலில் அந்தப் பணத்தை அரசு முழுவதுமாகத் திருப்பித் தந்தது. 1991-ல் அது 80 சதவீதமானது. 1994-ல் சிறு நிறுவனங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. 2014-ல் அதுவும் நின்றது. அதோட, வாரம் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழ சம்பாதிக்கிறவங்களுக்கு ஒண்ணுமே கிடையாது. 2020 ஏப்ரலில் அந்த வரம்பு 120 பவுண்டு. கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் அதற்கு வெளியே நிற்பதாகத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான டியுசி சொன்னது. பெரும்பாலும் பெண்கள். பகுதிநேரமாத் துப்புரவு வேலை, கடை வேலை, முதியோரைப் பார்த்துக்கிற வேலை செய்யிறவங்க.

கொரோனா, அறிகுறி தொடங்கும் நாட்களில்தான் அதிகமாகப் பரவும். அதாவது, சட்டம் "காத்திரு, பணம் இல்லை" என்று சொன்ன அதே மூன்று நாட்கள்! அரசுக்கும் இது புரிந்தது. 2020 மார்ச் 13-லிருந்து கொரோனா நோயாளிகளுக்கு மட்டும் காத்திருப்பு நாட்களை நீக்கினார்கள். 250 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இரண்டு வாரப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். தொகையை மட்டும் உயர்த்தவில்லை. செப்டம்பர் கடைசியில்தான், தனிமைப்படுத்தப்பட்ட ஏழைத் தொழிலாளர்களுக்கு 500 பவுண்டு உதவித்தொகை வந்தது. முதல் அலை அடிச்சு ஓய்ஞ்சு, ரெண்டாவது அலை ஆரம்பிச்ச நேரம் அது.

பணம் கொடுத்தா உண்மையிலேயே நோய் குறையுமா? முதியோர் இல்லங்கள்ல இதுக்கு ஒரு பதில் கிடைச்சுது. இங்கிலாந்தில் 5000-க்கும் மேற்பட்ட இல்லங்களிடம் தகவல் கேட்ட விவால்டி ஆய்வு 2020 ஜூலையில் வெளிவந்தது. ஊழியர்களுக்கு நோய்க்கால ஊதியம் தரும் இல்லங்களில் முதியவர்களிடையே தொற்று குறைவாக இருந்தது. இந்தத் தொடர்பு மட்டுமே காரணத்தை நிரூபிச்சுடாதுதான். ஆனா, காய்ச்சலோட ஒருத்தர் எண்பது வயசுப் பாட்டியைக் குளிப்பாட்டப் போறாரா இல்லையாங்கிறதைச் சம்பளச் சீட்டு முடிவு பண்ணுதுங்கறது எனக்கு ஆச்சரியமா இல்ல. அந்த இல்லங்களுக்காக மே மாதமே 60 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். தனிமையில் இருக்கும் ஊழியருக்கு முழுச் சம்பளம் தர அதைப் பயன்படுத்தலாம். முழுச் சம்பளம்தான் வேலை செய்யும்னு அரசுக்குத் தெரிஞ்சிருந்துது. ஒரு துறைக்கு மட்டும் தெரிஞ்சிருந்துது, அவ்வளவுதான்.

வேற வழியே இல்லையான்னு கேட்டா, ஜெர்மனியைப் பாருங்க. 1956 அக்டோபரில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களும் மற்ற உலோகத் தொழிலாளர்களும் 114 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அலுவலக ஊழியருக்கு ஆறு வாரச் சம்பளம் உண்டு, எங்களுக்கு ஏன் இல்லை என்பதுதான் முக்கியக் கேள்வி. 1970 முதல் தொழிலாளிக்கும் ஆறு வாரம் முழுச் சம்பளம். கொரோனா வந்தப்போ அந்த அடித்தளம் அங்கே ஏற்கனவே இருந்தது.

பிரிட்டன் 2022 மார்ச்சில் அந்த மூன்று நாளைத் திரும்பக் கொண்டுவந்தது. 2025-ல் நிறைவேறிய வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம்தான் காத்திருப்பு நாட்களையும் வருமான வரம்பையும் சேர்த்து நீக்கியது.

நம்ம ஈஎஸ்ஐ-யில நோய்க்கால உதவி 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். தொகையைப் பார்த்தா பிரிட்டனைவிட மேல். ஆனா, அங்கேயும் முதல் ரெண்டு நாளுக்குப் பணம் இல்ல. அந்த ரெண்டு நாளுக்குப் போறதுக்கு முன்னாடியே நின்னுடுது நம்ம மெஸ் அக்கா கதை. நாலு பேர் வேலை செய்யிற அந்த மெஸ் ஈஎஸ்ஐ வட்டத்துக்குள்ளயே வராது.