பாலில் யூரியா: செக்போஸ்ட் சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை?

2022 ஆகஸ்ட், ஓணத்துக்கு முந்தைய நாட்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த 12,750 லிட்டர் பாலை, பாலக்காடு மாவட்டம் மீனாட்சிபுரம் செக்போஸ்டில் கேரளப் பால்வளத் துறை தடுத்து நிறுத்தியது. பாலில் யூரியா இருப்பதாக அங்கேயே நடந்த சோதனை காட்டியதுதான் காரணம்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. களியக்காவிளையைத் தாண்டியதும் வருகிற பாறசாலையிலும் இதே துறையின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. காலையில் நாம் குடிக்கிற டீக்கான பாலில் ஒரு பங்கு அந்த வழியாகவும் வருகிறது.

சரி, பாலில் யூரியா இருந்தாலே அது கலப்படமா?

இல்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மாடு தின்னும் தீவனத்தில் உள்ள புரதம் செரிக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்திலிருந்து அது மடிக்கும் போகிறது. அதனால் சுத்தமான பாலிலும் பொதுவாக 100 மில்லிக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை யூரியா இருக்கும். புண்ணாக்கைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் இன்னும் ஏறும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ அனுமதிக்கும் உச்ச அளவு 700 பிபிஎம், அதாவது 100 மில்லிக்குச் சுமார் 70 மில்லிகிராம்.

இதை அந்த 12,750 லிட்டருக்குக் கணக்குப் போட்டால், சுமார் 9 கிலோ யூரியா வரை சட்டப்படி குற்றமில்லை! இயற்கையாக 30 மில்லிகிராம் உள்ள பாலில் இன்னொரு 30 மில்லிகிராமைச் சேர்த்தாலும் வரம்புக்குள்ளேயே நிற்கும். விவசாயியைக் காப்பாற்ற வைத்த இடைவெளியில் கலப்படக்காரரும் ஒளிந்துகொள்ளலாம் என்பது இந்த விதியின் பலவீனம்.

எதற்காகக் கலக்கிறார்கள்?

பாலின் விலை, கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் வைத்து முடிவாகிறது. தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி குறைந்து லாக்டோமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். யூரியாவைக் கரைத்தால் அடர்த்தி மறுபடி ஏறும். யூரியாவின் எடையில் 46 சதவீதம் நைட்ரஜன். நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் பழைய முறையில் அதுவும் புரதமாகவே பதிவாகும். 2008-ல் சீனாவில் மெலமைனை வைத்து நடந்ததும் இதே வித்தைதான். அங்கே 6 குழந்தைகள் இறந்தன. யூரியா அந்த அளவு விஷமில்லை, நம் உடலே தினமும் 20 முதல் 30 கிராம் வரை தயாரித்து வெளியேற்றுகிறது. ஆனால் உர மூட்டையிலிருந்து எடுத்தது உணவுத் தரத்தில் இருக்காது. அதோடு, யூரியா கலந்த பால் என்றால் தண்ணீரும் கலந்த பால் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

எப்படி அளக்கிறார்கள்?

செக்போஸ்டில் செய்வது நிறச் சோதனை. டிஎம்ஏபி என்கிற வேதிப்பொருளைச் சம அளவு பாலோடு சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். சுத்தமான பாலிலும் வெளிர் மஞ்சள் தெரியும், யூரியா அதிகமானால் மஞ்சள் அழுத்தமாகும். வெளிர் எது, அழுத்தம் எது என்பதை இங்கே கண்தான் முடிவு செய்கிறது. எனவே சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் புரதத்தைத் திரியவைத்து வடிகட்டி, தெளிவான நீரில் அதே மஞ்சளை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளக்க வேண்டும். அப்போதுதான் கையில் ஒரு எண் கிடைக்கும். வழக்கு நிற்பதற்கு அந்த எண் வேண்டும்.

இன்னொரு வழி யூரியேஸ் என்ற நொதி. யூரியாவை மட்டும் தேடிப்பிடித்து அம்மோனியாவாக உடைக்கும். 1926-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் இதை வாளவரை இனத்தைச் சேர்ந்த ஜாக் பீன் விதையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதி என்பது ஒரு புரதம்தான் என்று அதன் மூலம் காட்டியதற்கு 1946-ல் நோபல் பரிசும் வாங்கினார். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் உங்கள் ரத்த யூரியாவை அளப்பதும் பெரும்பாலும் இதே நொதிதான். சுகர் டெஸ்டுக்கான சாம்பல் மூடி டியூபில் இருக்கும் ஃபுளோரைடு இந்த நொதியை முடக்கிவிடும். எனவே ரத்தம் எடுக்கும்போது "எதுக்கு ரெண்டு டியூப்?" என்று சண்டை போடாதீர்கள்.

நேரமும் முக்கியம். 2023 ஜனவரியில் கொல்லம் மாவட்டம் ஆரியங்காவில் 15,300 லிட்டர் பாலைப் பிடித்த பால்வளத் துறை, ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாகச் சொன்னது. பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்த மாதிரியில், திருவனந்தபுரம் ஆய்வகத்தில் அது தென்படவில்லை. மாதிரி எடுக்கத் தாமதமானதுதான் காரணம் என்றது ஒரு துறை, மற்றது அதை ஏற்கவில்லை. பெராக்சைடு சில மணி நேரத்தில் சிதைந்துவிடக்கூடியது. யூரியா அப்படியில்லை, குளிரில் வைத்த பாலில் நிற்கும். ஆனால் வெயிலில் நின்ற டேங்கரில் பாக்டீரியா பெருகினால் அதன் அளவும் மாறலாம்.

அப்படின்னா எல்லாப் பாலிலும் கலப்படமா? 2018-ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ நாடு முழுக்க எடுத்த 6,432 மாதிரிகளில், பாதுகாப்பற்ற கலப்படம் என்று தெரிந்தவை 12 மட்டுமே. அதில் யூரியா 2. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளின் கணக்குக்கு இது பொருந்தவே பொருந்தாது.

வீட்டிலேயே பார்க்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ சொல்லும் வழி: 5 மில்லி பாலில் அரை ஸ்பூன் துவரம்பருப்பு அல்லது சோயாப் பொடியைப் போட்டுக் குலுக்குங்கள். 5 நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிடம் முக்குங்கள். பருப்பிலும் யூரியேஸ் உண்டு, யூரியா அதிகமிருந்தால் தாள் நீலமாகும். பொடி வறுக்காததாக இருக்க வேண்டும், வறுத்தால் நொதி செத்துவிடும். தாள் நீலமானதும் பாலைக் கொட்டிவிட வேண்டாம். மீதியை ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஓணம் சமயத்தில் பால்வளத் துறை நடத்தும் தகவல் மையங்களில் பொதுமக்கள் கொண்டுபோகும் பாலை இலவசமாகவே சோதித்துத் தருகிறார்கள்.