வெளிநாட்டில் ஒரே பாலினத் திருமணம்: ஈப்போ திரும்பினால் செல்லுமா?

தைவானில் 2019 மே மாதம் முதல், தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத்தவர் சட்டப்படி திருமணம் செய்யலாம். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் அதற்கு முன்பே. ஈப்போ பிள்ளைகள் பலர் படிப்பதும் வேலை பார்ப்பதும் இந்த நாடுகளில்தான். அங்கே வாங்கிய திருமணச் சான்றிதழ் இங்கே செல்லுமா? செல்லாது. ஏன் என்று பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பொருந்துவது 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம். 1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்தது. அதன் 104-ஆவது பிரிவு வெளிநாட்டுத் திருமணங்களை ஏற்கிறது. ஆனால் இருவரில் ஒருவர் மலேசியர் என்றாலே, இருவருக்கும் நம் சட்டப்படி மணம் முடிக்கும் தகுதி இருக்க வேண்டும். 69-ஆவது பிரிவோ, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இல்லாத திருமணம் செல்லாது என்கிறது.

தூதரகத்தில் ரெஜிஸ்டர் பண்ணினால்?

வெளிநாட்டில் மணக்கும் மலேசியர் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பதிவு மட்டும் ஒரு திருமணத்தைச் செல்லுபடியாக்காது. மறுபக்கத்தையும் பாருங்கள்: 1982-க்கு முன் பேராக் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிய உங்கள் தாத்தா பாட்டியிடம் சான்றிதழே இல்லாமல் இருக்கலாம். வழக்கப்படி முறையாக நடந்த அந்தத் திருமணத்தைச் சட்டம் ஏற்கிறது. காகிதத்தைவிடத் தகுதியே முக்கியம்.

இதனால் என்ன இழப்பு?

உயில் எழுதாமல், பிள்ளையில்லாமல் ஒருவர் இறந்தால், 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி சொத்தில் பாதி கணவன் அல்லது மனைவிக்கு, பாதி பெற்றோருக்கு. உங்கள் துணையைச் சட்டம் ஏற்காவிட்டால் எல்லாமே பெற்றோருக்குத்தான். பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் அதே கதைதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இன்னும் நடப்பில் உள்ளன: 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. வெளிநாட்டுச் சான்றிதழ் அதிலிருந்து பாதுகாப்புத் தராது.

மற்ற நாடுகளில்?

இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17-இல் ஒரே பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஹாங்காங் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் வெளிநாட்டுத் திருமணத்தை ஏற்கவில்லை. ஆனால் இத்தகைய உறவுகளுக்கு மாற்று ஏற்பாடு செய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டது.

இங்கே என்ன வழி?

உயில். முஸ்லிம் அல்லாதவர் 18 வயதானால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். துணையைச் சாட்சியாகப் போடாதீர்கள். போட்டால் அவருக்கு எழுதிய பங்கு போய்விடும். ஊழியர் சேமநிதிக்குத் தனியாக வாரிசு நியமனம் செய்யுங்கள். அதில் உறவுமுறைக் கட்டுப்பாடு இல்லை.