நவாபின் கடனும் நாட்டின் கணக்கும்



தூத்துக்குடி என்றதும் முத்து நினைவுக்கு வருவது இயல்பு. 1961-ஆம் ஆண்டோடு இக்கரையின் பெரிய முத்துக்குளிப்புகள் நின்றுபோயின. எனினும் அவற்றில் வழங்கிய ஒரு முறை இன்றைய குடியாட்சிக்கும் பாடமாகத் தக்கது.

சென்ற நூற்றாண்டுகளில் அரசு நடத்திய சலாபங்களில், படகுகள் கொண்டுவந்த சிப்பிகளைக் கரையில் இறக்கிக் கூறு போடுவர். இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு கடலில் மூழ்கியெடுத்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று பலர் முன்னிலையில் ஏலம் போகும். எந்தச் சிப்பிக்குள் முத்து இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் எத்தனை சிப்பி, யாருக்கு எவ்வளவு என்பது அங்கு நின்றவர் யாவர்க்கும் தெரியும். மறைவாயிருப்பது சிப்பியின் உள்ளே மட்டுந்தான். கணக்கு வெளிச்சத்தில் இருந்தது.

ஆட்சியில் அமர்வோருக்குப் பிறர் கொடுக்கும் பணத்துக்கும் இத்தகைய கணக்கு வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. அது இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடித் துறை டச்சுக்காரர் வசம் இருந்தது. சூழ்ந்திருந்த திருநெல்வேலிச் சீமையோ ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் ஆட்சிக்கு உட்பட்டது. முத்துக்குளிப்பின் வருவாயிலும் நவாப் உரிமை கொண்டாடினார். அவர் செலவோ வரவுக்கு மிஞ்சியது. சென்னையிலிருந்த ஆங்கிலக் கும்பினியின் ஊழியர்களே அவருக்குக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்தனர். ஈடாக ஊர்களின் நிலவரியை எழுதி வாங்கினர். கடன்பட்டவர் நவாப், அடைத்தவன் உழவன்.

கடன் கொடுத்தோருள் தலையானவர் பால் பென்ஃபீல்டு. தஞ்சை நாட்டின் விளைச்சல் மீதும் தமக்குப் பெருந்தொகை உரிமை உண்டு என்று அவர் வழக்காடினார். அதற்கு இணங்காத சென்னை ஆளுநர் பிகட் பிரபுவை அவருடைய ஆலோசனைச் சபையினரே 1776-இல் சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு அவர் காவலிலேயே மாண்டார்.

இச்செல்வம் சென்னையோடு நிற்கவில்லை. கப்பலேறி லண்டன் சென்றது. அங்கே காமன்ஸ் சபையின் இடங்களை வாங்கப் பயன்பட்டது. ஆர்க்காட்டுக் கட்சி என்று சொல்லத்தக்க ஒரு கூட்டமே அம்மன்றத்தில் உருவாயிற்று. பென்ஃபீல்டு ஒருவரே எட்டு உறுப்பினரை உள்ளே அனுப்பினார் என்று எட்மண்ட் பர்க் குற்றஞ்சாட்டினார்.

விளைவு யாது? 1784-இல் புதிதாக அமைந்த கட்டுப்பாட்டு வாரியம், பழைய கடன்களுள் மெய் எது, பொய் எது என்று ஆராயாமலே அவற்றை ஒப்புக்கொண்டது. ஆண்டுதோறும் 12 லட்சம் வராகன் அதற்கென ஒதுக்கப்பட்டது. இது தொடர்பான ஆவணங்களை மன்றத்தின் முன் வைக்கவேண்டும் என்று 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் ஃபாக்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். பர்க் அதை ஆதரித்து நெடிய உரை நிகழ்த்தினார். தீர்மானம் தோற்றது. ஆவணம் வெளிவரவில்லை.

பிற்காலத்தில் கர்நாடகம் கும்பினியின் நேராட்சிக்கு வந்தபின், 1805-இல் மற்றக் கடன்களை விசாரிக்க ஆணையர்கள் அமர்ந்தனர். தமக்குக் கடன் வரவேண்டும் என்று பலரும் கேட்ட தொகை சுமார் 3 கோடி பவுன். ஆராய்ந்து பார்த்ததில் உண்மையென்று தேறியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! கணக்கைப் பார்த்த கடனுக்கு இந்தக் கதி என்றால், பாராமல் செலுத்திய கடனில் எவ்வளவு பொய் இருந்திருக்கும்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்குக் காட்டவேண்டும் என விதித்தது. 2022-இல் மக்களவை வேட்பாளருக்குத் தமிழ்நாட்டில் 95 லட்சம் ரூபாய் உச்சவரம்பாயிற்று. ஆனால் கட்சியின் பொதுச் செலவுக்கு வரம்பு வைக்கப்படவில்லை. ஒரு கதவைப் பூட்டி மறு கதவைத் திறந்து வைத்ததுபோல் ஆயிற்று.

கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுக்கும் நன்கொடையின் வரலாறோ கடலலைபோல் ஏறி இறங்கியது. 1957-இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனத்தின் வழக்கில், சட்டம் இடந்தருவதால் அனுமதி அளித்த பம்பாய்த் தலைமை நீதிபதி சாக்ளா, இதனால் குடியாட்சிக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பாராளுமன்றம் கருதவேண்டும் என்றும் எச்சரித்தார். 1960-இல் நன்கொடைக்கு வரம்பு வந்தது. அதைக் கணக்கில் காட்டவேண்டும் என்ற விதியும் வந்தது. தமிழரான கே. சந்தானம் தலைமையில் அமைந்த குழு 1964-இல் அதை அடியோடு தடுக்கும்படி பரிந்துரைத்தது. 1969-இல் தடை வந்தது, 1985-இல் நீங்கியது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2003-இல் விதியாயிற்று. 2017-இல் அலை மீண்டும் பின்வாங்கியது. கொடுப்பவர் பெயரைப் பொதுமக்கள் அறிய இயலாத தேர்தல் பத்திரத் திட்டம் வகுக்கப்பட்டு, 2018-இல் நடைமுறைக்கு வந்தது. 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அதைச் செல்லாதென்றனர்; வாக்காளருக்கு அறியும் உரிமை உண்டு என்றனர். அடுத்த மாதமே பெயர்களும் தொகைகளும் வெளியாயின.

நம் ஊரைத் தொட்ட வழக்கும் ஒன்றுண்டு. 2018-இல் மூடப்பட்ட தாமிர உருக்காலையை இங்கு நடத்திவந்த ஸ்டெர்லைட் நிறுவனமும் அதன் சகோதர நிறுவனமான சேசாவும், நாட்டின் இரு பெருங்கட்சிகளான காங்கிரசுக்கும் பாரதிய ஜனதாவுக்கும் நன்கொடை அளித்திருந்தன. தாய் நிறுவனமான வேதாந்தா லண்டனில் பதிவானது. ஆதலின் அது அயல்நாட்டு நன்கொடையே, சட்டமீறலே என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2016-இலும் 2018-இலும் சட்டமே முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. அந்த நன்கொடையால் ஆலைக்குச் சலுகை கிடைத்தது என்று தீர்ப்புக் கூறவில்லை, நானும் கூறவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கணக்கு மறைவில் இருந்தால் குற்றமுள்ளவன் தப்புகிறான். குற்றமற்றவனோ தன்மேல் விழுந்த ஐயத்தைத் துடைக்க வழியின்றி நிற்கிறான். வெளிப்படையான கணக்கு இருவருக்கும் நீதி செய்யும்.

பணம் கொடுப்பது ஒருபுறமிருக்க, அமைச்சரையும் உறுப்பினரையும் அணுகித் தம் நலத்துக்காகப் பரிந்து பேசுவது மற்றொரு வழி. அவ்வாறு கூலிக்குப் பரிந்து பேசுவோர் தம் பெயரையும் தம்மை அமர்த்தியவர் பெயரையும் பதிவு செய்யவேண்டும் என்று அமெரிக்கா 1946-இலேயே சட்டம் இயற்றியது. நம் நாட்டில் அதற்கெனத் தனிச்சட்டம் இல்லை.

கொடுப்பவரின் உள்ளத்தை எந்தச் சட்டமும் திறந்து காட்டாது. அது மூடிய சிப்பி. நாட்டுப்பற்றால் கொடுத்தாரா, பயன் கருதிக் கொடுத்தாரா என்பதை யார் அறிவார்? ஆனால் யார், யாருக்கு, எவ்வளவு, எப்போது என்ற நான்கையும் எண்ணிவிடலாம். எண்ணுவதைக் கொடுப்பவரும் விரும்பார், வாங்குபவரும் விரும்பார். 1785-இல் ஃபாக்ஸும் பர்க்கும் கேட்டுக் கிடைக்காதது, 2024-இல் வழக்குத் தொடுத்தோர் கேட்டதால் கிடைத்தது. கேட்க ஆள் இருக்கும்வரையில்தான் கணக்கு வெளிவரும்.

மாணவர்களே, பதினெட்டு வயதில் வாக்குரிமை உங்கள் கைக்கு வரும். வேட்பாளர்களின் செலவுக் கணக்கும் கட்சிகள் காட்டும் நன்கொடைப் பட்டியலும் தேர்தல் ஆணையத்தால் வெளியிடப்படுகின்றன. அவற்றை ஒருமுறையேனும் எடுத்துப் படியுங்கள். படித்துக் கூட்டிப் பாருங்கள். கூட்டல் தெரிந்த குடிமகனை ஏமாற்றுவது கடினம்.