நரம்புக்கலத்தின் சாதகம்

எங்கட சமூகத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் முதலில் குறித்து வைப்பது பிறந்த நேரத்தைத்தான். அதை வைத்துச் சாதகம் எழுதுவிக்கிறோம். அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல வளரவில்லை என்றால் 'தலையெழுத்து' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். இன்னும் மோசமாக, தாயைக் கூண்டில் ஏற்றுகிறோம்: என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள், யாருடைய பரம்பரை?

நாங்கள் சாதகத்தை நம்புகிற ஆட்கள் இல்லை. ஆனால் மூளை ஆய்வின் வரலாற்றை வாசிக்கும்போது, பிறந்த நேரம் உண்மையிலேயே விதியை எழுதுகிற ஓர் இடம் இருப்பது தெரியவருகிறது. அது பிள்ளை பிறந்த நேரம் அல்ல. பிள்ளையின் மூளைக்குள் இருக்கும் ஒவ்வொரு நரம்புக்கலமும் பிறந்த நேரம்.

மூளையின் வெளிப்புறத்தில் சுருங்கி மடிந்து கிடக்கும் மேற்பட்டை ஆறு படைகளால் ஆனது. ஒவ்வொரு படையிலும் வேறு வேறு வகை நரம்புக்கலங்கள், வேறு வேறு தொடுப்புகள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால் இவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்து ஒவ்வொன்றாக வரைந்தார். அதே காலத்தில் வில்ஹெல்ம் ஹிஸ், முளையத்தின் நரம்புக்கலங்கள் உட்சுவரின் ஓரத்தில் பிறந்து வெளியே நகர்கின்றன என்று காட்டினார். சரி, எந்தக் கலம் எந்தப் படைக்குப் போக வேண்டும் என்று யார் சொல்வது? இறந்த மூளையின் துண்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் நேரம் எழுதியிருக்காது.

நேரத்தை எழுதும் வழி 1961இல் கிடைத்தது. அமெரிக்காவில் ஜே ஆஞ்சவின், ரிச்சர்ட் சிட்மன் என்ற இருவர் கதிர்த்தொழிற்பாடுள்ள தைமிடினைக் கர்ப்பிணி எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். கலம் பிரியும் முன் டி.என்.ஏயைப் பிரதியெடுக்க வேண்டும். அதற்குத் தைமிடின் தேவை. ஊசி போட்ட அன்று கடைசித் தடவையாகப் பிரிந்து நரம்புக்கலமான ஒன்று அந்த அடையாளத்தை அப்படியே வைத்திருக்கும். தொடர்ந்து பிரிகிற கலத்தில் அது பாதி பாதியாகக் கரைந்துபோகும். பிறகு குட்டியின் மூளைத் துண்டில் புகைப்படப் பூச்சைப் பூசினால், அன்று பிறந்த கலங்களின் மேல் கறுப்புப் புள்ளிகள் விழும்.

கிடைத்த விடை கொஞ்சம் விசித்திரமானது. முதலில் பிறந்த கலங்கள் உள்ளே, ஆழமான படைகளில் இருந்தன. பிந்திப் பிறந்தவை, முந்தியவற்றைக் கடந்து மேலே போய் அமர்ந்திருந்தன. மாடிவீட்டில் முதலில் வந்தவர்கள் கீழ்மாடியைப் பிடிக்க, பிறகு வருகிறவர்கள் அவர்களுக்கு இடையால் ஏறி மேல்மாடிக்குப் போவது மாதிரி. பிறந்த நாள் தெரிந்தால், அந்தக் கலம் பெரும்பாலும் எந்த மாடியில் இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

இதில் பரம்பரையலகு எங்கே வருகிறது? அதற்குப் பத்து வருடம் பின்னுக்குப் போக வேண்டும். 1951இல் எடின்பரோவில் டக்ளஸ் ஃபால்கனர், நேராக நடக்க முடியாமல் தள்ளாடி விழுகிற எலிகளைப் பற்றி எழுதினார். தள்ளாடுவதால் அவற்றுக்கு 'ரீலர்' என்று பெயர். ஒரேயொரு பரம்பரையலகின் பழுதே காரணம். பின்னாளில் அவற்றின் மூளையைப் பார்த்தபோது மாடிகள் ஏறக்குறையத் தலைகீழாக இருந்தன. கலங்கள் பிறக்க வேண்டிய நேரத்தில்தான் பிறந்திருந்தன. ஆனால் பிந்தி வந்தவற்றால் முந்தியவற்றைக் கடக்க முடியவில்லை; கீழேயே தேங்கிவிட்டன.

அந்தப் பரம்பரையலகு 1995இல் அடையாளம் காணப்பட்டது. அது ஆக்கும் புரதத்துக்கு 'ரீலின்' என்று பெயர் வைத்தார்கள். அதைச் சுரப்பவை மேற்பட்டையின் விளிம்பில் மிக முந்திப் பிறக்கும் கலங்கள். கஹால் அந்தக் காலத்திலேயே விவரித்த ஒரு வகை. 2000ஆம் ஆண்டில் இதே பரம்பரையலகின் பழுது மனிதர்களிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படிப் பிறப்பவர்களுக்கு மூளையின் மடிப்புகள் சரியாக உருவாகுவதில்லை. ஆக, நேரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் வழிகாட்டும் பரம்பரையலகும் வேண்டும்.

அடுத்த கேள்வி: கலத்துக்குத் தன் நேரம் எப்படித் தெரியும்? உள்ளே ஒரு மணிக்கூடு இருக்கிறதா, அல்லது அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறதா? சூசன் மக்கொனல் ஃபெரெட் என்ற, கீரி போலிருக்கும் சிறு விலங்கில் இதைச் சோதித்தார். ஃபெரெட்டில் மேற்படைகளின் கலங்கள் குட்டி பிறந்த பிறகும் உருவாகிக்கொண்டிருப்பதால் அது வசதியான விலங்கு. இளம் முளையத்தின் தாய்க்கலங்களை எடுத்து, வயது கூடிய மூளைக்குள் நட்டார். 1991இல் வெளியான முடிவு இதுதான்: டி.என்.ஏயைப் பிரதியெடுக்கும் கட்டத்தில் மாற்றப்பட்ட கலம் புதிய இடத்தின் பேச்சைக் கேட்டு மேல்மாடிக்குப் போனது. அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகு மாற்றப்பட்டது, தன் பழைய விதிப்படி கீழ்மாடிக்கே போனது. ஒரே கலவகை, ஒரே பரம்பரையலகுகள். சில மணிநேர வித்தியாசம்தான்.

உள்ளே இருக்கும் மணிக்கூட்டைப் பழ ஈ காட்டித் தந்தது. 2001இல் கிறிஸ் டோவின் ஆய்வுகூடம், ஈயின் நரம்புத் தாய்க்கலம் ஹன்ச்பாக், குரூப்பெல், பிடிஎம், காஸ்டர் என்ற பரம்பரையலகுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி அணைக்கிறது என்று காட்டியது. ஹன்ச்பாக்கை அணையாமல் வைத்திருந்தால், தாய்க்கலம் முந்திய வகைக் கலங்களையே திரும்பத் திரும்ப ஆக்கும். ஹன்ச்பாக்கின் உறவான இகாரோஸ் எலியின் விழித்திரையில் அதே மாதிரி வேலை செய்கிறது என்பது 2008இல் தெரியவந்தது. பரம்பரையலகு என்றால் ஏதோ கல்வெட்டு என்று நினைத்திருந்தோம். ஆனால் இங்கே அது பாடசாலை மணி மாதிரி: எப்போது அடிக்கிறது என்பதுதான் விஷயம்.

இதுவரை சொன்னதெல்லாம் எலி, ஃபெரெட், ஈ. மனிதரில் இப்படி ஒரு பரிசோதனையை எவரும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் போர் அதைச் செய்தது.

1945 ஓகஸ்ட் 6இலும் 9இலும் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுகள் விழுந்தபோது, அங்கே கர்ப்பிணித் தாய்மாரும் இருந்தார்கள். அப்போது வயிற்றில் இருந்த 1,500க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்னர் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 30 பேருக்குக் கடுமையான அறிவுசார் குறைபாடு இருந்தது. 1984இல் ஓட்டாகே, ஷல் ஆகிய இருவர் கருத்தரித்த நாளிலிருந்து வாரங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆபத்து மிக அதிகமாக இருந்தது 8 முதல் 15 வாரம் வரை. 16 முதல் 25 வரை அதைவிடக் குறைவு. 8க்கு முன்னும் 25க்குப் பின்னும் அந்த அதிகரிப்புத் தெரியவில்லை. 8 முதல் 15 வாரம் என்பது மேற்பட்டையின் கலங்கள் வேகமாகப் பிறந்து மாடியேறும் காலம். சிட்மன் எலியில் கறுப்புப் புள்ளியால் குறித்த அதே நேரத்தை, இங்கே குண்டு குறித்துவிட்டது.

அந்தப் பிள்ளைகளில் சிலர் தலை சிறுத்துப் பிறந்தார்கள். 1965இல் அவர்களின் குடும்பங்கள் 'கினோகோ-காய்', அதாவது காளான் சங்கம் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன. 1967இல் யப்பானிய அரசு அவர்களின் நிலைக்கு அணுகுண்டே காரணம் என்று ஏற்றுக்கொண்டது. இடையில் போனது 22 வருடம்.

இந்த வரலாற்றை நாங்கள் எழுதுவதற்குக் காரணம் அந்த 22 வருடம்தான். ஒரே வீதியில் இரண்டு கர்ப்பிணிகள் நின்றிருக்கலாம். ஒருத்தி பன்னிரண்டாம் வாரத்தில், மற்றவள் முப்பதாம் வாரத்தில். அவர்களின் பிள்ளைகளைப் பிரித்தது ஒழுக்கமும் அல்ல, வினையும் அல்ல, குடும்பத்தின் இரத்தமும் அல்ல; ஒரு நாட்காட்டி. ரீலின் பழுதோடு பிறக்கும் பிள்ளையின் தாயும் எதையும் தவறாகச் செய்தவள் இல்லை.

மணிக்கூடு பற்றிய கதை இன்னும் முடியவில்லை. 2019இல் ஜெனிவாவில் ஒரு குழு, வயது கூடிய எலி முளையத்தின் சில தாய்க்கலங்களை இளம் மூளைக்கு மாற்றியபோது அவை பின்னோக்கிப் போய் ஆழமான படைக் கலங்களை ஆக்குவதைக் கண்டது. முன்பு அது முடியாத காரியம் என்றே நினைத்திருந்தார்கள். கலத்தின் தலையெழுத்துக்கூட நாங்கள் நினைத்த அளவு இறுக்கமானது இல்லை.

அடுத்த முறை ஊரில் யாராவது ஒரு தாயைப் பார்த்து "உன்ர பிள்ளை ஏன் இப்படி?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியது அவள் அல்ல. அந்தப் பிள்ளைக்கு ஏற்ற வகுப்பறை இருக்கிறதா, ஏறக்கூடிய படி இருக்கிறதா என்று கேட்போம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள் எல்லோரும்தான்.