விமானி அறையில் பிறந்த மனிதக் காரணிப் பொறியியல்

ஒரு கருவியைக் கையாளும் மனிதரின் கண், கை, நினைவு, கவனம் ஆகியவற்றின் இயல்பை அறிந்து, அதற்கேற்ப அக்கருவியை வடிவமைப்பது மனிதக் காரணிப் பொறியியல் எனப்படும். இது தனித் துறையாக உருப்பெற்றது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான்.

அப்போது அமெரிக்கப் படையின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒருவகை விபத்து திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. பத்திரமாகத் தரையிறங்கிய விமானம் ஓடுபாதையில் இருக்கும்போதே சக்கரங்கள் மடங்கி, அடிவயிறு தரையில் உரசும். இயந்திரத்தில் கோளாறு இராது. ஆகவே பழி விமானியின் மேல் விழும்.

ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரருகே, ரைட் ஃபீல்டு ஆய்வகத்தில் பணியாற்றிய உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் விமானி அறையை ஆராய்ந்தார். சக்கரங்களை இயக்கும் விசையும் இறக்கை மடல்களை இயக்கும் விசையும் அடுத்தடுத்து, ஒரே வடிவில் இருந்தன. மடலை மடக்க நினைத்த விமானி சக்கரத்தை மடக்கிவிட்டார். சி-47 விமானத்தில் அவ்விரண்டும் வேறு வேறு அமைப்பில் இருந்தன. அங்கே இந்தச் சிக்கல் இல்லை. கவனக்குறைவே காரணம் என்றால், சி-47 ஓட்டியவர்கள் மட்டும் தப்பியது எப்படி?

சப்பானிஸ் சக்கர விசையின் நுனியில் சிறு ரப்பர் சக்கரத்தையும், மடல் விசையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் செய்தார். கண் பாராவிட்டாலும் கை அறிந்துகொண்டது. பெரிய விமானங்களுக்கான இன்றைய அமெரிக்க விதிகளும் இதே வடிவங்களையே கேட்கின்றன.

1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்டு ஜோன்ஸும், கட்டுப்பாடுகளை இயக்குவதில் விமானிகள் செய்த 460 தவறுகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழப் பாதி, ஒன்றை மற்றொன்றாகக் கருதியதால் வந்தவை. விமானத்துக்கு விமானம் நெம்புகோல்களின் வரிசையே மாறியிருந்தது!

இருந்தும், பிற தொழில்கள் இதைக் கற்கத் தாமதித்தன. 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ, மூடுவதற்கான ஆணை சென்றதையே காட்டியது. வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை. மூடிவிட்டதாகப் பணியாளர்கள் நம்பினர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் உட்பகுதி உருகியது. அதன் பிறகே கட்டுப்பாட்டு அறைகளை மனிதக் காரணி நோக்கில் மறு ஆய்வு செய்யுமாறு அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் பணித்தது. வரைபட நிலையிலேயே தீர்ந்திருக்கக்கூடிய குறைகளை, கட்டி முடித்த அறைகளில் தேடித் திருத்த வேண்டியதாயிற்று.