பெண்கள் வரலாறு: மூணாறு மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்கலாம்?

பெண்கள் வரலாறு என்றதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வர்றாங்க? வேலு நாச்சியார், ஜான்சி ராணி, சாவித்திரிபாய் பூலே. பட்டியல் சரிதான். ஆனா இடுக்கி, பாலக்காட்டுப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம்.

மூணாறில் என்ன நடந்தது?

2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தேயிலைத் தோட்ட நிர்வாகம் 10 சதவீத போனஸ் அறிவித்தது. 20 சதவீதம் கேட்டு ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலானோர் தமிழர்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. 9 நாட்களுக்குப் பிறகு போனஸ் 8.33 சதவீதம், கருணைத் தொகை 11.67 சதவீதம் என மொத்தம் 20 சதவீதம் கிடைத்தது. அடுத்து, 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள். அக்டோபரில் 301 என முடிவானது.

அவர்கள் வைத்த பெயர் ‘பெம்பிளை ஒருமை’. தமிழ் இலக்கணத்தில் ஒருமைன்னா ஒன்று. மலையாளத்தில் ‘ஒரும’ன்னா ஒற்றுமை. பெயரே எல்லைப் பகுதியின் பேச்சுதான்.

பாலக்காட்டுக்கு என்ன தொடர்பு?

அரசியல் நிர்ணய சபையின் 15 பெண் உறுப்பினர்களில் ஒருவரான அம்மு சுவாமிநாதன், பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரையைச் சேர்ந்தவர். 1952-ல் திண்டுக்கல் எம்.பி. ஆனார். இவருடைய மகள் கேப்டன் லட்சுமி, 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி உருவாக்கிய ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கினார். அந்தப் படையில் இருந்த பலர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள்.

இது ஏன் முக்கியம்?

லட்சுமியின் பெயர் உங்களுக்குத் தெரியும். கூட நின்ற தோட்டப் பெண்களில் எத்தனை பேரின் பெயர் தெரியும்? தலைவர் பெயர் நிற்கும், கூட்டத்தின் பெயர் மறையும். மூணாறில் அதைத் தடுக்க இன்னும் நேரம் இருக்கு. 2015-ல் சாலையில் உட்கார்ந்தவர்கள் இன்றைய மாணவர்களின் அம்மாக்கள், பாட்டிகள்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

* வீட்டுப் பெண்களிடம் மூணு கேள்வி கேட்கச் சொல்லுங்க: எந்த வயசில் வேலைக்குப் போனீங்க? முதல் கூலி எவ்வளவு? எதை எதிர்த்துப் பேசினீங்க?
* அனுமதி வாங்கி, அவங்க குரலை மொபைலில் பதிவு செய்யச் சொல்லுங்க.
* கிடைத்த வருடங்களை 1943, 1952, 2015 ஆகியவற்றோடு ஒரே காலக்கோட்டில் எழுத வையுங்க.

நீங்க ஆசிரியரா இருக்கணும்னு இல்லை. தோட்டத்திலிருந்து படிச்சு வெளியூருக்கு வேலைக்குப் போனவரா? அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது முதல் பதிவை நீங்களே செய்யலாம்.